வந்தது, வரலை

போனில் 'டிங்' என்று விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, லாட்ஜின் பின்சுவரைப் பார்த்த அறையில் உட்கார்ந்து நான் அதை அனுப்பிக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால் நானும் அனுப்புவதில்லை. செய்தியை நாங்கள் கிளவுட் மெசேஜிங் சேவையிடம் கொடுப்போம். அது போன்களுக்குக் கொண்டுபோகும். கொடுத்தவுடன் 'சரி' என்று ஒரு பதில் வரும். வாங்கிக்கொண்டேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். போய்ச் சேர்ந்ததா, பார்த்தார்களா, பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்களா என்பதெல்லாம் அந்தச் 'சரி'க்குள் கிடையாது.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டேன். பிறகு சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இரவு வேலை. எந்த நாட்டிலோ இருக்கிற சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதையும் விட்டேன். விடுவது எனக்குப் பழக்கம். அதன் பிறகு சசிதர் அண்ணன் இந்த வேலையைக் கொடுத்தார். ஆபீஸில் அவரும் நானும்தான்.

எங்களிடம் இருந்த ஆப்களில் ஒன்று தண்ணீர் ஆப். சூலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே குழாயில் தண்ணீர் தனக்குத் தோன்றிய நாளில் வரும். தெருத் தெருவாக வால்வு திறந்து விடுபவர் தம்பிதுரை. ஒரு தெருவுக்குத் திறந்ததும் தன் போனில் அந்தத் தெருவின் பெயரை அமுக்குவார். அந்தத் தெருவில் ஆப் வைத்திருக்கும் எல்லாப் போன்களுக்கும் 'குடிநீர் விநியோகம் தொடங்கியுள்ளது' என்று போகும். செய்திக்குக் கீழே இரண்டு பட்டன்கள் இருக்கும். வந்தது. வரலை. முதலில் 'வரவில்லை' என்றுதான் வைத்திருந்தோம். சின்னப் போன்களில் 'வரவி' என்பதோடு நின்றுவிட்டது. சசிதர் அண்ணன்தான் 'வரலை' என்று சுருக்கினார். யாராவது 'வரலை'யை அமுக்கினால் அந்த வீட்டின் கதவு எண் தம்பிதுரைக்குப் போகும். அவர் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் வெயில் நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்தார்.

"ஏனுங்க, தண்ணி ஆப்பு ஆபீஸு இதுதானுங்களா?"

"இதுதானுங்க. உக்காருங்க. ஆப்புல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. என்ற பேரு ராமாமணி. மூணாவது தெருவு. ஊட்டுக்காரரு அரங்கசாமி, பம்பு பட்டறை வெச்சிருக்கறாரு." மூச்சு வாங்கினார். "ஒருத்தங்க போன்ல இந்த ஆப்பு இன்னும் இருக்குதா, எடுத்துப்போட்டாங்களான்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"யாரு போன்லைங்க?"

"என்ற பொண்ணு. பூஜிதா."

கேட்காமலே சொன்னார். பூஜிதா தனக்குப் பிடித்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் பெயர் சபரீஷ். இவர்கள் சாதிக்காரன் இல்லை. அதோடு விட்டிருந்தால்கூடக் காலப்போக்கில் ஏதாவது நடந்திருக்கும். அரங்கசாமி அந்தப் பையன் வேலை பார்த்த கம்பெனிக்கே போன் போட்டு, சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னார். அவன் வேலை போயிற்று. அன்றைக்குப் பூஜிதா அம்மா, அப்பா இரண்டு பேரின் நம்பரையும் பிளாக் செய்து அடைத்தாள். வாட்ஸப்பிலும் அடைத்தாள். இருந்த ஊரைவிட்டும் போய்விட்டாள்.

"என்ற நம்பர ஏன் அடைக்கோணும்னு மொதல்ல கோவமா இருந்துச்சுங்க. அப்பறம் யோசிச்சேன். அவரு போன் பேசறப்ப நானும் பக்கத்துலதான நின்னுட்டு இருந்தேன்."

தண்ணீர் ஆப் வந்தபோது பூஜிதா வீட்டில்தான் இருந்தாள். மூன்று போன்களிலும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். வீட்டின் கதவு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். மூன்று போன்கள் இருந்தன. ஆப்பை எடுத்துவிட்ட போனுக்குச் செய்தி அனுப்பினால் 'பதிவில் இல்லை' என்று சேவை திருப்பிச் சொல்லும். உடனே அந்தப் போனை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம். பூஜிதாவின் போனுக்கு அப்படி வரவில்லை. கடைசியாகத் தண்ணீர் விட்டபோதும் 'சரி'தான்.

இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது.

"இருக்குதுங்க," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் லாட்ஜின் பின்சுவரைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, ஏசியிலிருந்து ஒழுகிய கறையைத் தவிர.

"மறந்திருப்பாங்க," என்றேன். "நெறயப் பேரு அப்படித்தானுங்க. ஊரு மாறிப் போனாலும் எடுக்க மாட்டாங்க."

"போன்ல எடம் பத்தலைன்னு என்ற போட்டோவையே அழிச்சவ கண்ணு அவ. மறக்கறதாவது."

"அப்படீங்களா."

"எங்க இருக்கறான்னு அதுல காட்டுங்களா?"

"காட்டாதுங்க."

"காட்டினாலும் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேனுங்க."

"அதுவும் சரிதான்." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அவளுக்கு மட்டும் ஒண்ணு அனுப்ப முடியுங்களா?"

முடியும். ஒவ்வொரு போனுக்கும் சேவை தனி டோக்கன் கொடுத்திருக்கும். தெருவுக்கு என்பதற்குப் பதிலாக அந்த டோக்கனுக்கு என்று கொடுத்தால் ஒரே போனுக்குப் போகும்.

"என்னன்னு அனுப்போணுங்க?"

"தண்ணி வந்துருச்சுன்னு."

"அதுதான் ஏற்கெனவே போகுதுங்களே."

"அது ஆபீஸ் தமிழுங்க. விநியோகம் தொடங்கியுள்ளதுன்னா யாரோ தவறிப்போன மாதிரி இருக்குது. என்ற வார்த்தைல அனுப்போணும்."

அவர்கள் வீட்டில் தெலுங்கு. பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. ஆப் வருவதற்கு முன்பு குழாயில் தண்ணீர் வந்தால் ராமாமணி மாடிப்படிக்குக் கீழே நின்று கத்துவார். பூஜிதா எழுந்து வந்து, வாசல் குழியில் இருக்கும் குழாயைத் திறந்து, கலங்கல் போகும்வரை நின்று, பிறகு தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். அது அவள் வேலை. ஆப் வந்த பிறகு ராமாமணி கத்தவில்லை. போன் கத்தியது.

அவர் சொல்ல நான் தமிழில் தட்டினேன். 'நீள்ளு வச்சிந்தி, லெய்யி.' தண்ணி வந்தாச்சு, எந்திரி.

திரையை எட்டிப் பார்த்தார். "'வ' இல்லீங்க. 'ஒ'. ஒச்சிந்தி. 'வ' போட்டா ஆந்திராக்காரங்க பேசற மாதிரி ஆயிரும். நான்னு தெரியாது."

மாற்றினேன்.

"அம்மான்னு போட வேண்டாமுங்க," என்றேன். "பேரும் வேண்டாம். அவங்க வெறுத்து ஆப்ப எடுத்துப்போட்டா இதுவும் போயிரும். அப்பறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியுங்க. அதுக்குத்தான தண்ணீன்னு மட்டும் சொல்றேன். தண்ணீல என்ன இருக்குது?"

அவள் அடைக்காமல் விட்ட வழி அது ஒன்றுதான். அதில் ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டாலும் அடைத்துவிடலாம். போடாவிட்டால் அது வெறும் தண்ணீர் ஆப். மறுத்திருந்தால் யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். நான் மறுக்கவில்லை.

மூன்றாவது தெருவுக்கு இன்னொரு பதிவை உண்டாக்கி, முகவரியில் அவள் டோக்கனையும் செய்தியில் அந்தத் தெலுங்கையும் வைத்தேன். தம்பிதுரை அமுக்கும்போது இரண்டும் சேர்ந்து போகும். இன்னொன்றும் செய்தேன். போன் அணைந்திருந்தால் செய்தி சேவையிடமே காத்துக் கிடக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். பழைய தண்ணீர்ச் செய்தி யாருக்கும் உதவாது என்பதால் தெருவுக்குச் சில மணி நேரம்தான் வைத்திருந்தோம். இவளுக்கு அதிகபட்சத்தை வைத்தேன். நாலு வாரம்.

எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். சசிதர் அண்ணனுக்கு ஒழுங்கு பிடிக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே தெருவுக்கு இரண்டு பதிவு இருப்பதைப் பார்த்தார். நான் இரண்டு தடவை தட்டிவிட்டேன் என்று நினைத்து, தெருவின் முகவரியை வைத்துக்கொண்டு, செய்தியையும் கெடுவையும் புதியதிலிருந்து எடுத்துக்கொண்டு ஒன்றாக்கிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. தெலுங்கைப் படிக்கவும் இல்லை.

அடுத்த முறை தம்பிதுரை வால்வைத் திறந்து அமுக்கினார். மூன்றாவது தெரு முழுக்கப் போன்கள் கத்தின.

முதல் அழைப்பு ஒரு தறிக்காரரிடமிருந்து. "ஏனுங்க, ஆப்புல ஒச்சிந்தி கிச்சிந்தின்னு என்னமோ வருதுங்க. வைரஸுங்களா? பேங்கு பணம் போயிருங்களா?"

"இல்லீங்க. தண்ணி வந்திருக்குதுங்க."

"தண்ணி வந்தா தண்ணீன்னு சொல்லுங்க. எங்க பாப்பா பயந்துட்டு போனை எடுத்து அரிசிக்குள்ள போட்டுட்டா."

அடுத்தது வெங்கடபதி என்ற பெரியவர். மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர்.

"யாருங்க தம்பி அதப் போட்டது? படிச்சதும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மரியாத இல்லீங்களே. லெய்யின்னா என்னங்க? தெருவுல பெரியவங்க இருக்கறோம். லெய்யண்டின்னு போடோணும். தண்ணிய நாங்க சும்மாவா புடிக்கறோம்?"

"மாத்திர்றோமுங்க."

"மாத்த வேண்டாம். மரியாத மட்டும் சேத்துங்க."

பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் போனை அணைத்து வைத்திருந்த ஒருவருக்கு நாலு வாரக் கெடுவின் புண்ணியத்தில் இரண்டு நாள் கழித்துச் செய்தி போனது. வேகமாக வந்து குழாயைத் திறந்தாராம். காற்று வந்ததாம். அவர் திட்டியதை எழுத வேண்டாம்.

சசிதர் அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நிதீஷு. இது தண்ணி ஆப்பா, உன்ற தபால் ஆபீஸா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார். தெருவின் பழைய செய்தியைத் தானே திரும்ப வைத்தார்.

"அந்தத் தனிப் பதிவத் திரும்ப வெச்சுக்கோ. ஆனா அதுக்கு ஒரு பேரு வெச்சுத் தொல. இல்லீன்னா மறுபடியும் நான் அழிச்சுப்போடுவேன்."

'சோதனை' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் உள்ளதை எந்த ஆபீஸிலும் யாரும் அழிப்பதில்லை.

அன்று மாலை ராமாமணி போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவரு போனுக்கும் வந்துருச்சுங்க," என்றார். "தோசை சாப்ட்டுட்டு இருந்தாரு. எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. என்னப் பாத்தாரு."

"என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. கையக் கழுவிட்டுப் போயி வாசக்குழாயத் தெறந்து உட்டாரு. கலங்கல் போற வரைக்கும் அங்கயே நின்னாரு. இந்த ஊட்டுக்குக் குடிவந்ததுல இருந்து அந்தக் குழாய அவரு தொட்டதில்லீங்க கண்ணு. அவளுக்குப் போச்சுங்களா?"

"சரீன்னு வந்திருக்குதுங்க."

"சரீன்னா?"

"வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். அவங்க இல்லீங்க, சேவை."

"சரிங்க," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம், ஊரில் வால்வெல்லாம் மூடிய பிறகு, அந்த வீட்டின் கதவு எண்ணிலிருந்து ஒரு பதில் வந்தது. முந்தைய நாளே அந்த எண்ணில் 'வந்தது' பதிவாகியிருந்தது. அது அரங்கசாமியின் போன். இது மூன்றாவது போன், பூஜிதாவுடையது. வரலை.

தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறாளா? அவள் இருக்கும் இடத்துக்கு இந்தத் தண்ணீர் வராதுதான். நான் வரலை என்கிறாளா? 'வரவில்லை' என்று முழுதாக வைத்திருந்தாலும் இதே குழப்பம்தான். தண்ணீருக்கும் மனுஷிக்கும் அந்தச் சொல் ஒன்றே. விரல் தவறிப் பட்டதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து டீ குடிக்கப் போனேன்.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது தெருவுக்கு ஆபீஸ் தமிழும், அவளுக்கு மட்டும் தெலுங்கும் போயின. மறுநாள் பதில் வந்தது. வரலை. விரல் இரண்டு முறை தவறாது.

அதற்குள் வேறொரு சிக்கல். ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்து 'வரலை' வந்தால் தம்பிதுரை இணைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அது அவருக்கு இருக்கும் உத்தரவு. ஆபீஸுக்குப் போன் போட்டார். "ஒரே ஊட்டுல வந்ததுங்கறாங்க, வரலைங்கறாங்க. ஆப்பு கெட்டுப்போச்சுங்களா, ஊடு கெட்டுப்போச்சுங்களா?" சசிதர் அண்ணன் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். சூலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போனபோது வாசலில் கடப்பாரையோடு தம்பிதுரை நின்றிருந்தார். எதிரே சட்டையில் கிரீஸ் கறையோடு ஒருவர். அரங்கசாமியாகத்தான் இருக்க வேண்டும். நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஒரு பையனின் வேலையைப் போனிலேயே பறித்த ஆள் இன்னும் பெரிதாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். சோதித்துப் பார்க்கத் தம்பிதுரை வால்வைத் திறந்துவிட்டு வந்திருந்தார். வாசல் குழியில் குழாய் திறந்திருந்தது. தண்ணீர் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பாருங்க," என்றார் அரங்கசாமி. "வருதில்லீங்க?"

"வருதுங்க," என்றார் தம்பிதுரை. "அதத்தான் நானும் கேக்கறேன். இவ்வளவு தண்ணி வருது. அப்பறம் இந்த ஊட்டுல யாருங்க வரலை வரலைன்னு அமுக்கறது?"

அரங்கசாமி என்னைப் பார்த்தார். நான் யார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். உள்ளே கதவோரம் ராமாமணி நின்றிருந்தார்.

அரங்கசாமி குனிந்து குழாயை மூடினார். நிமிர நேரமாயிற்று.

"அமுக்கட்டும், உடுங்க," என்றார்.

"அதெப்படீங்க, எனக்கு மேல கேப்பாங்கல்ல?"

"கேட்டா, அந்த ஊட்டுல ஒரு ஆளுக்கு மட்டும் வரலைன்னு சொல்லுங்க."

தம்பிதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதை மரியாதையோடு மறைத்துக்கொண்டு கடப்பாரையைத் தோளில் போட்டார். "வாரேனுங்க," என்று கிளம்பினார். அரங்கசாமி பைக்கை எடுத்துப் பட்டறைக்குப் போனார்.

ராமாமணி காபி கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வரலைன்னுதான போட்டிருக்கறா. வரமாட்டேன்னு போடலீங்களே."

"ரெண்டே பட்டன்தானுங்க இருக்குது. வரமாட்டேன்னு போடறதுக்கு அதுல வழியில்லை."

"தெரியுங்க. ஒண்ணுமே அமுக்காம இருக்கறதுக்கு வழி இருந்துச்சில்லீங்க?"

அவர் சொன்னது சரி.

"அவளுக்கு மட்டும் இன்னொரு பட்டன் வெக்க முடியுங்களா?" குரலைத் தாழ்த்தினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "வாரேன்னு."

முடியும். பட்டனில் என்ன எழுத வேண்டும் என்பது செய்தியோடு சேர்ந்தேதான் போகிறது. கஷ்டமான வேலை இல்லை. நான் உடனே சரி என்று சொல்லியிருக்கலாம்.

"வெக்கலாமுங்க," என்றேன். "ஆனா வெச்சுப்போட்டம்னா, அமுக்கலைங்கறதும் தெரிஞ்சுபோயிரும்."

டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி மூடியைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"அப்ப வேண்டாமுங்க," என்றார். "இருக்கறதே இருக்கட்டும்."

நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. 'வாரேன்' பட்டனோடு அவளுக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அது என் வீடு இல்லை. விட்டேன்.

அடுத்து ஊருக்குத் தண்ணீர் விட்ட அன்று, தம்பிதுரை அமுக்கியதும் மூன்றாவது தெருவின் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தது, வந்தது. வெங்கடபதி வீட்டில் வந்தது. அரங்கசாமி வீட்டில் வந்தது. மூன்றாவது போனுக்குச் 'சரி' மட்டும் வந்திருந்தது. நான் ஆபீஸைப் பூட்டும்வரை வேறொன்றும் வரவில்லை. மறுநாள் காலை வந்து முதலில் அதைத்தான் பார்த்தேன். இல்லை. மதியமும் இல்லை. நாலு வாரம் வரை காத்துக் கிடக்கும், அவசரம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ராமாமணி கூப்பிட்டபோது திரையில் அது வந்திருந்தது. சற்று முன்தான்.

"ஏனுங்க கண்ணு, போட்டாளுங்களா?"

"போட்டிருக்காங்க."

"என்னன்னு?"

என்னவென்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார். நானும் சொன்னேன்.

"வரலைன்னு போட்டிருக்காங்க."

மறுமுனையில் குழாயை யாரோ திறக்கும் சத்தம் கேட்டது. அல்லது மூடும் சத்தம்.

"சரிங்க," என்றார். "மறுக்கா தண்ணி உடறப்பக் கூப்பிடறேன்."